மொட்டை மாடியில் ஆறு தட்டுகள்

வடக்கே ஈராக் பக்கம் கிளம்பியது
பகல் இரண்டு மணிக்கு ஃபஹாஹீலை மூடிவிட்டது.
கடல் இருந்த இடத்தில் காவி.
கார்கள் பட்டப்பகலில் விளக்கைப் போட்டு ஊர்கின்றன.

அந்த நேரம் பார்த்துத்தான் டாக்டர் ஹெஸ்ஸா
என்னை மாடிக்கு அனுப்புவார்.
ஆறு கண்ணாடித் தட்டு, உள்ளே அகர் கூழ்.
மூடியைத் திறந்துவைத்துவிட்டு
பதினைந்து நிமிடம் பக்கத்தில் நிற்க வேண்டும்.
தட்டுக்குக் காவலா, காற்றுக்கா,
சொன்னதில்லை.

பல்லில் நறநறக்கும்.
முதல் வருடம் அதை மண் என்றே நினைத்தேன்.
மண் இல்லையாம், வண்டியாம்.
ஒரு துகளின் முதுகில் நூறு பேர், இருநூறு பேர்,
வெயிலுக்கு மறைந்து அதன் பள்ளங்களில் குனிந்தபடி,
வற்றிய சதுப்பிலிருந்து, உப்புத் தரையிலிருந்து,
எந்த ஆட்டுப்பட்டியிலிருந்தோ.
போகிற வழியில் கொஞ்சம் ஈரம் பட்டால்
பறந்துகொண்டே இரண்டாகுமாம், நான்காகுமாம்.
"அங்கேயே குடித்தனமா!" என்றேன்.
டாக்டருக்குத் தமிழ் தெரியாது. சிரித்தார்.

இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு டிகிரி.
வெளியே நாற்பத்தொன்பது.
ஏசி நின்றுபோன ராத்திரியில்
அதன் கதவைத் திறந்து முகத்தைக் காட்டினேன்,
குளிர்ச்சியாக இருந்தது.

மூன்றாம் நாள் எண்ண வேண்டும்.
தட்டின் அடியில் மார்க்கர் பேனாவால்
ஒன்றுக்கு ஒரு புள்ளி.
வெள்ளை, தெறித்த மோர் மாதிரி.
மஞ்சள், கடுகளவு.
சுருங்கிய ஒன்று, ஆறிய பாலின் ஆடை.
நாலாம் தட்டில் மட்டும், ஓரமாக,
ஒரே ஒரு ரோஜா நிறம்.
டாக்டர் புத்தகத்தைப் புரட்டி உதட்டைப் பிதுக்கினார்.
அந்தத் தட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.
நடுவில் ஒரு தும்மல் வந்திருந்தது.
திரும்ப எண்ணினால் நூற்றுப் பதினான்கு.

அறையில் மஸ்தான் கனி கேட்டான்,
"கிருமின்னா கெட்டதுதானே?"
பெரும்பாலும் இல்லை என்றேன், படித்தவன் மாதிரி.
"அப்ப எதுக்குக் கொல்றீங்க?"
ஜன்னல் இடுக்கில் ஈரத் துண்டைத் திணித்துக்கொண்டிருந்தான்.
காலையில் அந்தத் துண்டு செங்கல் நிறம்.
உதறப் போனவனை
ஏனோ தடுத்தேன்.

வியாழக்கிழமை ஆட்டோகிளேவ்.
நூற்றிருபத்தொரு டிகிரி, பதினைந்து நிமிடம்,
மாடியில் நான் நின்ற அதே பதினைந்து.
ஐந்து தட்டுகளை அடுக்கினேன்.
நாலாவதை, நாளைக்கு ஆகட்டும் என்று,
குளிர்பெட்டியில் பின்னால் தள்ளிவைத்தேன்.

அந்த நாளைக்கு இருபது நாள் ஆகிறது.
நேற்றுப் பார்த்தேன்,
ரோஜா நிறத்துக்குப் பக்கத்தில்
குண்டூசி முனை அளவில் இன்னொரு ரோஜா.
பதிவேட்டில் இன்னும்
நூற்றுப் பதினான்கு.