அல்போன்ஸுக்கு அனுப்பியது

ஏ, எல். இரண்டே எழுத்து தட்டினேன்.
அல்போன்ஸ் வந்திருக்க வேண்டும்,
கணக்குப் பிரிவு, மூன்றாவது மேசை,
ஆறிப்போன டீயையும் வீணாக்காத மனிதர்.
வந்தது 'ஆல்'.
விழுதுகள் அறுநூற்றுப் பதினொன்று.
பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.
வியாழக்கிழமை, மாலை நான்கு பன்னிரண்டு,
ஓசூர் சிப்காட், இரண்டாம் கட்டம்.
வெளியே ஷிப்ட் பஸ்கள் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தன.

இணைத்திருந்தது மருத்துவ முகாம் பட்டியல்.
பேர், டோக்கன் எண், ஆளுக்கு இருநூற்று எண்பது ரூபாய்:
திறந்தால் இவ்வளவுதான் தெரியும்.
எச் வரிசையை மறைத்துவைத்திருந்தேன்.
மறைப்பது வேறு, அழிப்பது வேறு என்று
நான்கு இருபதுக்குத்தான் விளங்கியது,
கொள்முதல் பிரிவுப் பையன் ஒருவன்
"மேடம், எச்-ல என்னென்னவோ இருக்கே" என்று
சிரிப்பை அடக்கிக்கொண்டு போன் செய்தபோது.

திரும்பப் பெறும் பொத்தானை அழுத்தினேன்.
அது போய் ஒவ்வொரு கதவாகத் தட்டி
'இவள் எதையோ திருப்பிக் கேட்கிறாள்' என்றது.
அதுவரை திறக்காதவர்களும் திறந்தார்கள்.

ஐ.டி. முனிராஜ் சர்வரிலிருந்து உருவி எடுத்தான்.
"இங்க எடுத்துட்டேன். போன்ல இறக்கினவங்கள
நான் என்ன பண்ண?"
என் முகத்தை அவன் பார்க்கவில்லை.
அவன் தங்கை மூன்றாம் லைனில் சால்டர் வைக்கிறாள்.
இருபத்தெட்டாம் வரி.

ஆறு மணிக்கு மேலாளர் அறை.
'ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்'
என்று எழுதச் சொன்னார்கள்.
அசௌகரியம் என்பது
சூளகிரியிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வருவது.
அதை அடித்துவிட்டு
'நான் தவறாக அனுப்பிவிட்டேன்' என்று எழுதினேன்.
'நான்' வேண்டாம், 'நிர்வாகம்' என்றார் வக்கீல்.
'நிர்வாகம்' வேண்டாம், 'தொழில்நுட்பக் கோளாறு' என்றார் மேலாளர்.
எல்லோருக்கும் அனுப்பு என்றார்.
எல்லோருக்கும் என்றால்
அதே ஆல்.

அப்போதுதான் உறைத்தது.
அந்த அறுநூற்றுப் பதினொன்றில்
லைனில் நிற்கிற பெண் ஒருத்திகூட இல்லை.
பட்டியலில் நூற்று நாற்பத்திரண்டு பேர்,
ஒருத்திக்கும் கம்பெனி மெயில் கிடையாது.
அவர்கள் உடம்பைப் பற்றி
அவர்களைத் தவிர எல்லோருக்கும் எழுதியிருக்கிறேன்.

ஒரே ஒரு பிரதி அச்செடுத்தேன்.
எட்டரை மணி, சாப்பாட்டு இடைவேளை.
கேன்டீனை ஒட்டிய ஸ்டோர் ரூம்,
அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல்.
ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி
என்ன போனது, யாருக்கெல்லாம் போனது,
அனுப்பியது யார் என்று சொன்னேன்.

தளி நாகவேணி ஒன்றே ஒன்று கேட்டாள்:
"சூப்பர்வைசர் பாத்தாரா?"
பார்த்தார்.
தலைத்தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.
ஒருத்தி திட்டினாள்,
பாதியில் தெலுங்குக்கு மாறினாள்
எனக்குப் புரியாது என்று நினைத்து.
புரிந்தது.

பதினேழாவதாக மாதேஸ்வரி.
அஞ்செட்டிக்கு அப்பால்,
பஸ் நின்ற பிறகு நடக்க வேண்டிய ஊர்.
முழுதும் கேட்டாள். கோபம் இல்லை.
"அக்கா, என் பேருக்கு நேரா என்னதான் போட்டிருக்கு?"
"உன்கிட்ட சொல்லலையா?"
"ரத்தம் எடுத்தாங்க. பிஸ்கட் குடுத்தாங்க."
முகாம் நடந்து ஐந்து வாரம்.

ஸ்கேலை அவள் வரிக்குக் கீழே வைத்து
மற்ற பேர்களை உள்ளங்கையால் மூடினேன்.
ஹீமோகுளோபின் ஆறு புள்ளி இரண்டு.
ஸ்டூலின் நுனிக்கு நகர்ந்தாள்.
"அது பாஸா, பெயிலாக்கா?"

மணி அடித்தது.
கன்வேயர் கிளம்பும் சத்தம் தரை வழியாக வந்தது.
அவள் எழுந்தாள். "உட்காரு" என்றேன்.

வெளியே சேதி உருமாறிப் பரவியிருந்தது போல.
கை கழுவும் குழாய்வரை வரிசை,
யாரும் லைனுக்குத் திரும்பவில்லை,
"உள்ள ரிசல்ட்டு சொல்றாங்களாம், நில்லுடி" என்று
யாரோ யாரையோ இழுத்துக்கொண்டிருந்தாள்.