சேகரித்தவர்

ரொகிபுல் அதைத் தயிர் டப்பாவில் கொண்டுவந்தான்:
சிவப்புக் கூன்வண்டு, கால்கள் மடங்கி,
மூட்டுக்கு மூட்டு வெள்ளை.
"மாவு திங்கிற வண்டு" என்றான்.
வண்டைத்தான் மாவு தின்றிருந்தது.

ஹுஃபூஃபுக்குக் கிழக்கே, வாய்க்காலோரத் தோப்பில்
அவன் ஏறிய பேரீச்சையின் மட்டை இடுக்கில்
செத்தும் பிடி விடாமல் இருந்ததாம்.

ஐந்து நாள் ஈரப்பஞ்சில் வைத்தேன்.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே, இருபத்தைந்தில், அது சோம்பல் முறித்தது.
அகர் தட்டில் முதலில் பால், பிறகு மோர்,
பன்னிரண்டாம் நாள் அடிப்பக்கம்
வெங்காயத்தின் இரண்டாம் தோல்.
அந்த நிறத்துக்குச் சொல் தேடியதிலேயே
ஒரு பிற்பகல் போயிற்று.

வித்துகள் ஐம்பது அளந்தேன்.
நீளம், அகலம். நீளம், அகலம்.
முப்பத்திரண்டாவதில் கண் கரித்தது;
முப்பத்திரண்டாவதையே மறுபடி அளந்தேன்.
பக்கத்து இனங்களில் எல்லாம் உருண்டை.
இது நடுவில் லேசாக இடுப்பு ஒடுங்கி
வேர்க்கடலை மாதிரி.
மரபணு வரிசையும் வந்தது:
நெருங்கிய உறவோடு நூற்றுக்கு மூன்று ஒட்டவில்லை.
டாக்டர் நஷ்வா திரையை மூடி, திறந்து,
"புதுசு" என்றார்,
யாரோ தூங்குகிற வீட்டில் பேசுவதுபோல.

வண்டு இந்த ஊர்க்காரன் இல்லை.
கன்றுகளோடு கப்பலேறி வந்து
முத்திரை குத்தாமலே தங்கிவிட்டது.
பூஞ்சை இங்கே பிறந்ததா, கூடவே வந்ததா?
"தெரியவில்லை" என்று எழுதினோம்.
அந்த ஒரு சொல்லுக்கு நாலு திருத்தம்.

பெயர் வைத்தோம். ஊர்ப் பெயர்தான்,
லத்தீன் வால் ஒட்டி.
மூல மாதிரி: உலர்ந்த வண்டு, ஒன்று.
சீட்டில் நிரப்ப வேண்டியவை:
இடம். தேதி. எதன்மேல் வளர்ந்தது.
சேகரித்தவர்.

போன் போட்டேன். மறுமுனையில் மோட்டார் சத்தம்.
"முழுப்பேர் சொல்லு, பாஸ்போர்ட்ல இருக்கிறபடி.
நூறு வருஷம் நிக்கும்."
மோட்டார் நின்றது.
"நூறு வருஷமா" என்றான்.
"கஃபீல் என்னை ஓடிப்போனவன்னு எழுதிக் குடுத்துட்டான் பாய்,
பதினாலு மாசம் ஆச்சு.
நீயும் எழுதாதே."

உலகில் யாரும் எழுதியிராத ஒரு பெயரை
அன்று காலைதான் எழுதியிருந்தேன்.
இதை எழுதாமலிருக்க
அதைவிட நேரம் பிடித்தது.

கட்டத்தில் ஒரு சிறு கோடு.
நஷ்வா பார்த்தார், கேட்கவில்லை.

டப்பாவை மட்டும் திருப்பிக் கேட்டிருந்தான்.
ஸ்பிரிட் விட்டு மூன்று முறை கழுவினேன்,
ஒரு வித்தும் கூடப் போகாதபடி,
மோட்டார் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு
கூப்பிடாமல் திரும்பினேன்.