கல் எழுந்து வந்தது

முதலில் வாங்கியது அமேசான் வாள்.
பெயரை நம்பி ஏமாந்தேன்.
இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தால்
மிதந்துகொண்டிருந்தது,
வேர் மேலே, இலை கீழே,
நடுத்தண்டில் ஒரு கடி.

அடுத்தது கபோம்பா.
அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.
கீரைப் பொரியல்.

நாலடித் தொட்டி, பதினோரு மீன்.
எல்லாம் மலாவி ஏரியின் வம்சம்.
எதுவும் மலாவியைக் கண்டதில்லை,
பைன்டவுனில் யாரோ ஒருவரின் கராஜில் பிறந்தவை.
ஆனாலும் விடிந்ததும் மணலைத் தோண்ட வேண்டும்,
வாய் நிறைய அள்ளி
பக்கத்து வீட்டில் கொட்ட வேண்டும்,
நட்டது எதுவாயினும் பிடுங்க வேண்டும்.
நீலக் கோடு போட்ட பெரியவனுக்கு
கவுன்சிலர் என்று பெயர் வைத்திருக்கிறோம்.
எல்லாக் கல்லும் தன்னுடையது என்பான்.

"பிளாஸ்டிக் வாங்கி வை" என்றார் பூபாலன்.
பதினாறு வருடமாய் வார்டு வாசலில்
ஒரு பிளாஸ்டிக் பெரணியை
மாதம் ஒருமுறை ஜிக் ஊற்றிக் கழுவுகிறவள் நான்.
வீட்டிலும் ஒன்றா?

சனிக்கிழமை பங்களாதேஷ் மார்க்கெட்.
வெந்தயக்கீரைக் கட்டுக்கும் மிளகாய்க் குவியலுக்கும் இடையில்
ஐஸ்கிரீம் டப்பாக்களில் நீர்ச்செடி விற்கிற சிபோனேலோ
என்ன மீன் என்று கேட்டான்.
சொன்னேன்.
சிரித்துவிட்டு
அழகான டப்பாக்களை எல்லாம்
ஒவ்வொன்றாய்த் தள்ளி வைத்தான்.
சிவப்பு இலை போயிற்று.
பஞ்சு போன்றது போயிற்று.
நான் கை நீட்டிய ஒன்றை
கையிலிருந்தே வாங்கிக்கொண்டான்.

மிஞ்சியது அனுபியாஸ்.
கரும்பச்சை, செருப்புத் தோல் போல் தடிப்பு.
நகத்தால் கீறிக் காட்டினான், கீறவில்லை.
கசக்குமாம். ஒரு கடி கடித்துத் துப்பிவிடுமாம்.
சிப்பித்தூள் போட்ட கடின நீரும் அதற்குச் சம்மதம்.
வெளிச்சம் குறைந்தாலும் குறை சொல்லாது.
"புதைக்காதே, அழுகிவிடும். கல்லில் கட்டு."
எண்பது ராண்ட் சொன்னான்,
அறுபத்தைந்துக்கு முடித்தேன்,
கொசுறாக ஒரு பிடி ரிப்பன் புல்.

வார்டில் காலாவதியான தையல் நூல் கிடந்தது.
கறுப்புப் பட்டு, குப்பைக்குப் போக வேண்டியது.
சமையலறை மேசையில்
தட்டைக் கல்லின் மேல் தண்டைக் கிடத்தி
இரண்டு சுற்று, ஒரு முடிச்சு,
எதிர்ப்பக்கமாய் இன்னொன்று.
எத்தனையோ முறை டாக்டர்கள் போடப் பார்த்த முடிச்சு,
என் கையால் போட்டது அன்றுதான்.
கல்லோடு சேர்த்துத் தண்ணீரில் இறக்கினேன்.
கவுன்சிலர் வந்தான்.
கடித்தான்.
துப்பினான்.
இன்னும் இரண்டு நாள் சந்தேகமாகவே சுற்றினான்.

ரிப்பன் புல் ஒரு வாரத்தில் கரைந்து கஞ்சியானது.
எறிந்திருப்பேன், சோம்பலால் விட்டுவிட்டேன்.
மூன்றாம் வாரம்
அழுத்தி வைத்த கல்லின் அடியிலிருந்து
பச்சையாய் ஒரு நாக்கு நீண்டது.

எட்டு மணிக்குக் கரண்ட் போயிற்று.
அரீனா பார்க் முழுக்க இருட்டு.
பேட்டரி பம்பின் குமிழிச் சத்தம் மட்டும்.
போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன்:
அனுபியாஸ் இலைக்குப் பின்னால்
மஞ்சள்காரி ஒருத்தி,
தாடை புடைத்து, அசையாமல்,
வாய் நிறைய முட்டை.
பதினெட்டு நாள் சாப்பிட மாட்டாள்.
கவுன்சிலர் ஓர் இலை தள்ளி
தூங்கிக்கொண்டிருந்தான், தெரியாமல்.
வெளிச்சத்தை அணைத்தேன்.
பூபாலனைக் கூப்பிட்டு இருட்டிலேயே சொன்னேன்.
"எத்தனை?" என்று மெதுவாகக் கேட்டார்,
எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல்.

நாலு மாதத்தில் நாலு இலை.
"இவ்வளவுதானா வளரும்?" என்கிறார்.
இவ்வளவுதான்.

மனிதத் தோலில் போட்ட தையலைப்
பத்தாம் நாள் பிரித்துவிடுவோம்.
இதற்குக் கணக்குத் தெரியவில்லை.
நேற்று நூலை வெட்டிவிட்டு
பிடித்திருக்கிறதா பார்க்கலாமென்று
தண்டை இடுக்கியால் மெல்ல இழுத்தேன்.

கல் எழுந்து வந்தது.