நூற்றிருபது மைக்ரான்

என் வேலை துளை போடுவது.
எஃகுத் தகட்டின் நட்டநடுவே
நூற்றிருபது மைக்ரான் அகலத்தில் ஒரு துளை.
தலைமயிர் ஒன்று நுழையும், இரண்டென்றால் நெருக்கடி.
நடு தப்பினால் ஆய்பெனிஸ் திட்டுவாள்.
திட்ட ரஷ்ய மொழி,
கனிவாய்ப் பேச மட்டுமே அஜர்பைஜானி.

பாகுவில் அன்று ஹஸ்ரி.
காஸ்பியனை அள்ளிவந்து சன்னலில் அறையும் வடகாற்று.
மூன்றாம் மாடிக் கண்ணாடிகள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தன.
ஒட்டுநாடாவை வைத்து இழுத்து
காலியம் செலினைடை உரித்துக்கொண்டிருந்தாள் அவள்.
வர வர மெல்லியதாய்,
செம்மஞ்சள் வெளிச்சம் மறுபுறம் தெரியுமளவு.

ஓர் அடுக்கில் நான்கு வரிசை:
செலினியம், காலியம், காலியம், செலினியம்.
உள்ளுக்குள் பிரிக்கமுடியாத பிடி.
அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையிலோ
ஒட்டியும் ஒட்டாமலும் ஓர் உறவு,
நகம் பட்டாலே விட்டுப்போகும்.
"முதலில் சுருங்கப்போவது இந்தச் சந்துதான், அகவேர்தி.
பக்கவாட்டில் பெரிதாய் ஒன்றும் நடக்காது, பார்."

இரண்டு வைரங்கள். இருப்பதே அந்த ஒரு ஜோடி.
மூக்கோடு மூக்கு வைத்தாற்போல் அவை,
நடுவே என் துளை,
துளைக்குள் ஒரு சிட்டிகையிலும் சிறிய செதில்,
ஒரு மாணிக்கத் தூசு, ஒரு துளி சாராயம்.
மாணிக்கம்தான் எங்கள் அழுத்தமானி:
நெருக்க நெருக்க அதன் சிவப்பு
இன்னும் சிவப்பை நோக்கி நகரும்.

திருகைக் கால் சுற்று. பதினைந்து நிமிடம் காத்திருப்பு.
மறுபடி கால் சுற்று.
பத்து ஜிகாபாஸ்கலில் சாராயமே கண்ணாடியாய் இறுகிவிட்டது.
செதில் செம்மஞ்சள் விட்டுச் செங்கல் நிறமானது,
பிறகு ஆறிய தேநீரின் அடிநிறம்.

இடையில் தொலைக்காட்சிப் பையன் ஒருவன் வந்தான்.
கேமரா, ஈரச் சப்பாத்து.
"நெருக்கடிதானே அம்மா மனிதனையும் வைரமாக்குகிறது?"
ஆய்பெனிஸ் கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுக்கவில்லை.
"மனிதனைப் பற்றி எனக்குத் தெரியாது.
இங்கே பக்கத்து வீட்டுக்காரன்
ரொம்பக் கிட்டே வந்துவிடுகிறான்.
எது யார் வீட்டுச் சுவர் என்று
அணுவுக்கே குழப்பம். அவ்வளவுதான்."
அதை அவர்கள் ஒளிபரப்பவில்லை.

இருபது. இருபத்துமூன்று.
மாலிப்டினச் சேர்மத்தில் அடுக்குகள் முதலில் சறுக்கிப் பார்க்குமாம்,
கூட்டப் பேருந்தில் தோளைத் திருப்பி நிற்பதுபோல்.
இது சறுக்குமா என்று கேட்டேன்.
பதில் இல்லை. தேநீர்க் குவளையில் சர்க்கரை கரையாமலே கிடந்தது.

இருபத்தாறில், விடியற்காலை நான்கு மணிக்கு,
செதிலின் ஓரத்தில் ஒரு கறுப்பு தொடங்கியது.
நாங்கள் மூச்சுவிடவில்லை.
கறுப்பு நடந்து மறுகரை சேர்ந்தது.
லேசர் வரைபடத்தில்
இரவெல்லாம் முள்முள்ளாய் நின்ற கோடுகள்
ஒவ்வொன்றாய் அமிழ்ந்து, கடைசியில் வெறும் சமவெளி.
"பழுதா?"
"இல்லை. உப்பு" என்றாள்.

உப்பின் கட்டமைப்பு.
ஒவ்வோர் அணுவுக்கும் ஆறு அண்டை,
மேல் கீழ் என்ற பேச்சே இல்லை.
இந்த லேசருக்கு அது வாய் திறக்காதாம்.
நான் மசாசிர் ஏரிக்கரைக்காரன்,
இளஞ்சிவப்பு உப்பில் கால் வெடித்து வளர்ந்தவன்.
இத்தனை காலம் உப்புக்குச் சப்பாணியாய் நின்ற அந்தச் சந்து
உப்பாகவே முடிந்ததை நினைத்து
எனக்குச் சிரிப்பு வந்தது.
அவளுக்கு விளக்க வார்த்தை வரவில்லை.

மறுநாள் திருகுகளைத் தளர்த்தினோம்.
வைரங்களில் கீறல் இல்லை.
நிறம் அங்கங்கே திரும்பியிருந்தது,
ஏடு திரும்பவில்லை:
நொறுங்கிய செம்மஞ்சள், நடுவே விடாப்பிடியாய் ஒரு கறை.
அந்தக் கறை என்னவென்று
எக்ஸ் கதிர்தான் சொல்லவேண்டும்,
அதற்கு வெளிநாட்டில் முறை கிடைக்க எட்டு மாதம்.

தகட்டை எடுத்து விளக்கில் பிடித்தேன்.
என் வட்டம் முட்டை வடிவாகியிருந்தது.
பழைய மாத்திரை டப்பாவில் போட்டேன்,
உள்ளே ஏற்கெனவே நாற்பத்தொன்று.

காற்று அடங்கவில்லை.
கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றவள் சொன்னாள்,
"நாளைக்கு நூறு மைக்ரான் போடேன்."
அஜர்பைஜானியில்.