காற்புள்ளி

டொலீடோ, ஒஹையோ. இரவு பதினொன்று நாற்பது.
வக்கீல் கோவல்சிக் மறுபடி அழைக்கிறார்:
பதினேழாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளி வேண்டாமாம்.
எடுக்கிறேன்.
ஒரு சொல் மேலே ஏறுகிறது, பத்தியில் ஒரு வரி குறைகிறது,
அடிக்குறிப்பு ஒன்று
முந்தைய பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

உச்ச நீதிமன்றத்துக்கு விதி உண்டு.
செஞ்சுரி குடும்பத்து எழுத்து. பன்னிரண்டு புள்ளி.
அடிக்குறிப்புக்குப் பத்து.
மனுவுக்கு வெள்ளை அட்டை, மறுப்புக்கு ஆரஞ்சு.
நாற்பது பிரதி.

நல்ல எழுத்துதான், குறை சொல்ல மாட்டேன்.
தண்டு தடிப்பு, வளைவு மெலிவு,
மெலிந்தாலும் மை குறைந்த நாளில் முறியாது.
‘சி’யின் நுனியில் ஒரு மிளகு.
ஒவ்வொரு தண்டுக்கும் அடியில் தட்டையாக ஒரு பாதம்,
கோர்ட்டுக்கென்று ஷூ போட்டு வந்த மாதிரி.

நம் எழுத்துக்கும் கால் உண்டு.
துணைக்கால் அடியில் நிற்காது, பக்கத்தில் நிற்கும்,
ஸ்டேஷனுக்குக் கூட வந்த ஆள் போல.
பேசாது. போகவும் போகாது.

இந்த எழுத்தை முதலில் செதுக்கியது
பள்ளிப் புத்தகத்துக்கு.
குழந்தையின் கண் எங்கே தடுக்குகிறது என்று பார்த்து
இடையில் கொஞ்சம் காற்று விட்டார்கள்.
நாய் ஓடுகிறது. பந்து உருள்கிறது.
அதே எழுத்தில் இன்று நான் கோப்பது:
மனுதாரர் ரோஸ்கோ டில்மன்
எண்பத்தேழு மாதமாகத் தனிக்கொட்டடியில்.

பின்னிணைப்பு ‘டி’, அவர் கைப்பட எழுதிய கடிதம்.
பென்சில். ஸ்கேன் மங்கல்.
பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
எல்லாத் தண்டுக்கும் அடியில்
சின்னதாக ஒரு கோடு இழுத்திருக்கிறார்.
‘எல்’லுக்கு, ‘எம்’முக்கு மூன்று, ‘ஐ’க்கும் கூட.
சின்ன ‘ஏ’வுக்குத் தலைக்கு மேல் கூரை, அச்சில் இருப்பதைப் போலவே.
கையால் யாரும் அப்படி எழுதுவதில்லை.
கரும்பலகை முன்னால் உட்கார்ந்தவர் எழுத மாட்டார்.
ஏதோ ஒரு புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு
தானே, தாமதமாக, படித்தவர் எழுதுவார்
என்று நினைக்கிறேன்.

மனுவில் இது எங்கும் இல்லை.
ஒன்பதாயிரம் சொல்லுக்குள் இடம் இல்லையோ,
வக்கீல் கவனிக்கவில்லையோ.
நான் பக்கம் கட்டுகிறவள்.
வாதம் என் மேஜைக்கு வருவதில்லை,
வந்தால் அதற்கு ஓரம் மட்டும் அளப்பேன்.

ஓரம் அளந்தேன்.
கடிதத்தின் கீழ்விளிம்பைக் கணக்குப்படி வெட்டினால்
கடைசி வரியின் பாதங்கள் போய்விடும்.
ஒரு நூல் தள்ளி வெட்டினேன்.
நாற்பது பிரதியிலும்.

பன்னிரண்டு பத்துக்குப் போன்.
கோவல்சிக்.
அந்தக் காற்புள்ளி இருக்கட்டுமாம், யோசித்துப் பார்த்தாராம்,
அது இல்லாமல் அந்த வாக்கியத்துக்கு மூச்சு முட்டுகிறதாம்.
சரி என்றேன்.
போட்டதும்
அடிக்குறிப்பு எழுந்து
தன் பழைய பக்கத்துக்கே திரும்பிப் போனது.