கைப்பிடி நீங்கலாக

முந்நூற்றுப் பன்னிரண்டாம் வரியில் இருக்கிறது,
என் மாமியாரின் கல்யாணச் சாமான் கணக்கில்.
வெள்ளிக் கூஜாவுக்கும் எனாமல் தூக்குக்கும் நடுவே
"தோல் பை 1, சைகோன்."
விலை போடவில்லை.

தோலைச் சாமி வீட்டுப் பக்கம் விடவில்லை.
இரும்புப் பெட்டி அறையில் ஆணியில் தொங்கியது.

காரைக்குடி ஜபருல்லா படமெடுத்து பிரான்சுக்கு அனுப்பினார்.
பதினோராம் நாள் பதில்:
கன்றுத்தோல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு.
பூட்டு எங்களுடையது, எண் சரி.
எங்கள் பட்டறை குதிரைச் சேணத்தில் தொடங்கியது,
ஓரத்தையல் இன்னும் விடாதது அதனால்தான்.
கைப்பிடி மட்டும் எங்கள் வேலை அல்ல.

"மூணுல ஒரு பங்கு போச்சே ஆச்சி" என்றார்.

உள்ளே கை விட்டுத் துழாவினேன்.
அத்தர் வாசம் இல்லை, சாயக் கறை இல்லை.
பட்டு உள்துணியில் துரு,
சாவி வடிவத்தில், சாவிமேல் சாவியாக.
எண்பது கதவையும் பூட்டி
அத்தனை இரும்பையும் இதில் அள்ளிப் போட்டுக்கொண்டுதான்
சிகப்பி ஆச்சி கண்டனூர் போய்வந்திருக்கிறார்.
எந்தக் கைப்பிடி தாங்கும்?

கணக்கின் கடைசிப் பக்கத்தில், பென்சிலில்:
"ஜட்கா சேணம் தைக்கும் மாயழகுக்கு, பை வகையில், எட்டணா."

ஒரே நூல், இரண்டு ஊசி, எதிரெதிரே.
அங்கேயும் அப்படித்தானாம்.
அதைச் சொல்லி விலை ஏற்ற எனக்கு வரவில்லை.

பணத்தை இருமுறை எண்ணி வைத்துவிட்டு
ஜபருல்லா பையைத் தூக்கினார்,
கைப்பிடியைப் பிடித்து.