உள்ளான் கணக்கு

முதலில் வேலி வந்தது.
சுங்கை மூடா கடலைத் தொடும் முனையில்
லோரியிலிருந்து கம்பம் இறக்கி
மாடு நுழையக்கூடாது என்று
மாட்டுக்குப் படிக்கத் தெரியாத பலகை ஒன்றும் நட்டார்கள்.

பறவைக்காகவாம்.
பனி நாட்டிலிருந்து வருகிற உள்ளானுக்காக.
உலகத்தில் மிச்சமிருப்பதை எல்லாம் கூப்பிட்டு
பந்தியில் உட்காரவைத்தால்
இரண்டு கல்யாண மண்டபம் போதும்.

நான் மூன்று பசுவை விற்றேன்.
மீதி எட்டும் செம்பனை வரப்பில் தூசியைத் தின்றன.
பெனாகா ரொட்டிக்கடைக்காரர்
"என்னம்மா, பால் ஆத்துத் தண்ணி மாதிரி இருக்கு" என்றார்.
எந்த ஆறு என்று கேட்க நினைத்தேன்.

ஒரு வருஷம்.
மாட்டு வாய் படாத கரையில்
லாலான் இடுப்பு உயரம்,
முள் தொட்டாச்சுருங்கி என் தலைக்கும் மேலே.
பெருக்கு ஏறிச் சேறு மறைகிற நேரம்
கூட்டம் வந்து சுற்றும்.
கால் ஊன்ற வெறும் தரை இல்லை,
புல்லுக்குள் பதுங்கியது உடும்போ நாயோ தெரியாது.
மூன்று சுற்று. நான்கு.
அப்புறம் களைத்துப்போய்க் கெடா பக்கம்.

நூர் அஸ்லின் என் கொட்டகைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்,
முழங்கால்வரை சேறு.
"காக் குணவதி, உங்க மாடு வேணும்."
விற்ற மூன்றையும் மீட்டுத் தருவாயா என்றேன்.
தரையைப் பார்த்தாள்.

ஜூலையில் ஆறு மாடு, நாற்பது நாள்.
புல் கணுக்காலுக்கு இறங்கியதும் வெளியே.
ஆகஸ்ட் கடைசியில் கேட்டுக்குப் பூட்டு, சாவி அவளிடம்.
பால் கணக்கு நோட்டுக்குப் பக்கத்திலேயே
இப்போது பெருக்கு அட்டவணையும் தொங்குகிறது.

அக்டோபரில் தொலைநோக்கியை என்னிடம் நீட்டி
உங்கள் மொழியில் இதற்கு என்ன பேர் என்றாள்.
உள்ளான் என்றேன்.
இருக்கிறான் என்றும் அதற்குப் பொருள் உண்டென்று
ஏனோ சொல்லவில்லை.
பத்தொன்பது என்று எழுதிக்கொண்டாள்.

செவலைக்கு அட்டவணை ஒத்துவரவில்லை.
நவம்பரில் ஒரு விடியலில்
கம்பியை மார்பால் தள்ளி உள்ளே போய்விட்டாள்.
கயிற்றோடு ஓடினேன்.
பெருக்கு உச்சியில் நிற்கிறது,
ஒற்றைக் காலில் அத்தனை பறவையும் தூக்கம்,
நடுவே இவள், கறக்காத மடியோடு.

ஓர் அதட்டல் போட்டால் எல்லாம் எழும்பிவிடும்.
போடாவிட்டால் பாரத்தில் என் பேர் ஏறும்.

அவள் மேய மேய
பக்கத்தில் நின்றது ஓரடி நகர்ந்து
மறுபடி கண்ணை மூடியது.

தண்ணீர் வடிய இரண்டு மணி நேரம்.
குந்தியே இருந்தேன்.
காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டிச்
சேற்றில் வெள்ளை வெள்ளையாக விழுந்தது.
ரொட்டிக்கடைக்காரர் இரண்டு தடவை போன் அடித்தார்.
சட்டைப்பைக்குள்ளேயே கையை வைத்து
அமுக்கிப் பிடித்தேன்.